எரிமலைத் தீவைச் சுற்றிய கடலில் இரும்பு எங்கே போகிறது?

ஜப்பானின் தெற்கே சட்சுமா இவோஜிமா என்ற எரிமலைத் தீவில் நாகஹாமா என்றொரு விரிகுடா இருக்கிறது. அதன் நீர் செங்காவி நிறம். கிரேக்கத்தின் சாந்தோரினியில், எரிமலை வாய்க்குள் எழுந்த காமேனி தீவுகளின் சிறு குடாக்களிலும் இதே நிறம்தான். அங்கே வெள்ளைத் துணியோடு இறங்கினால் காவிக் கறையோடுதான் கரையேற வேண்டும்.

இரண்டு இடத்திலும் காரணம் இரும்பு. ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்து "நீரில் இரும்பு நிறையக் கரைந்திருக்கிறது" என்று நினைத்தால் தப்பு. கரைசலில் நிற்க முடியாமல் துகளாகப் பிரிந்த இரும்புதான் அப்படிச் சிவக்கிறது. கடல் உயிர்கள் எடுத்துக்கொள்ளும் இரும்பு, கண்ணுக்கு எந்த நிறமும் காட்டாத அளவில், கரைந்த நிலையில் இருக்கிறது. எரிமலை எவ்வளவு இரும்பைக் கொட்டியது என்பதைவிட, கொட்டியதில் எவ்வளவு, எந்த வடிவில், எத்தனை நேரம் கரைந்து நின்றது என்பதுதான் கடல் இரும்பை ஆராயும் துறையின் கேள்வி.

எவ்வளவு குறைவு என்றால்

புவி மேலோட்டின் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம் இரும்பு. தனிமங்களில் அதற்கு நான்காவது இடம். எரிமலைத் தீவுகளின் கரும்பாறையான பசால்ட்டில் இன்னும் அதிகம். அப்படியிருந்தும், கரையிலிருந்து விலகிய கடலின் மேல்நீரில் கரைந்த இரும்பு பல இடங்களில் லிட்டருக்கு 0.2 நானோமோலைக்கூட எட்டுவதில்லை. ஒரு நானோமோல் இரும்பு என்பது 56 நானோகிராம். 5 கிராம் எடையுள்ள ஓர் ஆணி முழுவதும் கரைந்தால், சுமார் 9 கோடி லிட்டர் கடல்நீருக்கு லிட்டருக்கு ஒரு நானோமோல் வீதம் கொடுக்கலாம். வேறு விதமாகச் சொன்னால், ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் மேல் 50 மீட்டர் நீரை ஒரு நானோமோல் உயர்த்த 2.8 கிலோ இரும்பு போதும்.

இந்தச் சிறு அளவுக்கு ஏன் இத்தனை மதிப்பு? தாவர மிதவையுயிரிகளுக்குப் பச்சையம் தயாரிக்கவும், ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்களைக் கடத்தவும், நைட்ரேட்டை உடலுக்கு ஏற்றபடி மாற்றவும் இரும்பு வேண்டும். வேண்டியது மிகக் கொஞ்சம்: ஒரு லட்சம் கார்பன் அணுக்களுக்கு ஒன்றோ சிலவோ இரும்பு அணுக்கள். அந்தக் கொஞ்சமும் கிடைக்காத கடல்கள் இருக்கின்றன. அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்பெருங்கடல், பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி, வட பசிபிக்கின் குளிர்ப்பகுதி ஆகிய மூன்றிலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மேல்நீரில் செலவாகாமல் கிடக்கின்றன. இரும்புப் பற்றாக்குறையே முதன்மைக் காரணம் என்று 1980-களின் இறுதியில் கடலியலாளர் ஜான் மார்ட்டின் வாதிட்டார். பின்னர் நடந்த கடல் சோதனைகள் அதை உறுதி செய்தன.

ஃபெரஸ், ஃபெரிக்

கடல்நீரில் இரும்புக்கு இரண்டு நிலைகள். இரண்டு எலக்ட்ரான் இழந்தது ஃபெரஸ். மூன்று இழந்தது ஃபெரிக். ஃபெரஸ் நன்றாகக் கரையும். ஃபெரிக், கடலின் இயல்பான பி.எச் (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஆன 8-ஐ ஒட்டி நீரின் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து துருப்போன்ற திண்மமாகிவிடும். வேறு துணை எதுவும் இல்லாவிட்டால், கரைந்து நிற்கக்கூடிய ஃபெரிக் ஒரு நானோமோலில் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரைதான்.

எரிமலையின் அடியிலிருந்து வரும் சூடான, ஆக்சிஜனற்ற, அமிலத் தன்மை கொண்ட நீரில் இரும்பு ஃபெரஸ் வடிவில் தாராளமாக இருக்கும். அது கடல்நீரோடு கலந்ததும் அங்குள்ள ஆக்சிஜன் அதை ஃபெரிக் ஆக்கத் தொடங்குகிறது. இந்த வேகத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

முதலாவது பி.எச். வேகம் ஹைட்ராக்சைடு செறிவின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது, பி.எச் ஓர் அலகு இறங்கினால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். வெதுவெதுப்பான, காற்றோட்டமுள்ள கடல்நீரில் பி.எச் 8-ல் ஃபெரஸின் அரை ஆயுட்காலம் சில நிமிடங்களே. கணக்குக்காக 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், பி.எச் 7-ல் அது 200 நிமிடம், பி.எச் 6-ல் 20,000 நிமிடம், அதாவது ஏறக்குறைய இரண்டு வாரம். ஊற்று நீர் எவ்வளவு அமிலமாக வெளிவருகிறது, எவ்வளவு விரைவில் நீர்த்துப்போகிறது என்பதைப் பார்க்காமல் இரும்பின் பயண தூரத்தைச் சொல்ல முடியாது.

இரண்டாவது வெப்பநிலை. துருவக் கடலை ஒட்டிய குளிர்நீரில் அதே அரை ஆயுட்காலம் ஒரு மணி நேரத்தையும் தாண்டலாம். மூன்றாவது, ஆக்சிஜனேற்றிகளின் அளவு. ஆக்சிஜன் பாதியானால் வேகமும் பாதி. ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்தால் வேகம் கூடும். மழைநீரில் அது கடலைவிட அதிகம் என்பதால், பெருமழைக்குப் பின் மேல்நீரில் எடுத்த அளவீட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

மூன்று முகவையில் ஒரு சோதனை

இதுவரை சொன்னதைப் பள்ளி ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 35 கிராம் உப்பும் 0.2 கிராம் சமையல் சோடாவும் கரைத்தால், உப்புத்தன்மையிலும் பி.எச்-சிலும் கடலுக்கு அருகில் வரும். இப்படி மூன்று முகவைகள். முதலாவதில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் 5 சதவீத வினிகர் 5 மி.லி. மூன்றாவதில் ட்ரைசோடியம் சிட்ரேட் அரை கிராம். பிறகு மூன்றிலும் பச்சை நிறப் படிக ஃபெரஸ் சல்பேட் 50 மில்லிகிராம் போட்டுக் கலக்க வேண்டும்.

முதல் முகவை சில நிமிடங்களில் மங்கி, பின் மஞ்சளாகும். மறுநாள் பார்த்தால் அடியில் பழுப்புப் படிவு. இரண்டாவது தெளிவாகவே நிற்கும்: அமிலம் ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்துவிட்டது. மூன்றாவதுதான் சுவாரசியம். அங்கே பி.எச் கடலின் அளவிலேயே இருக்கிறது, இரும்பு ஃபெரிக் ஆகவும் மாறுகிறது. நீர் மஞ்சளாவதே அதற்குச் சாட்சி. ஆனாலும் படிவு விழாது. சிட்ரேட் ஒவ்வோர் இரும்பு அயனியையும் பற்றிப் பிடித்துக்கொண்டு, அவை ஒன்றோடொன்று சேர்ந்து திண்மமாவதைத் தடுக்கிறது.

சோதனை கெடுவதற்கு வழிகள் உண்டு. படிகங்கள் பழுப்பேறியிருந்தால் இரும்பில் ஒரு பகுதி ஏற்கெனவே ஃபெரிக் ஆகிவிட்டது என்று பொருள், புதியதை எடுக்கவும். சோடாவை விட்டுவிட்டால் நீருக்கு பி.எச் மாறாமல் காக்கும் தாங்குதிறன் இருக்காது. ஒவ்வோர் ஃபெரஸ் அயனியும் துருவாகும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுவதால் பி.எச் இறங்கி, வினை நடுவழியில் தளர்ந்துவிடும். உப்பு கட்டிபிடிக்காமல் இருக்கச் சில தயாரிப்புகளில் ஃபெர்ரோசயனைடு சேர்ப்பார்கள். அது இரும்போடு சேர்ந்து லேசான நீலம் காட்டிக் குழப்பும். மூன்றாவது முகவையில் சிட்ரேட்டை முதலில் போட வேண்டும். துரு விழுந்த பின் சேர்த்தால் அது எளிதில் திரும்பக் கரையாது.

ஒரு எச்சரிக்கை: இந்த முகவையில் இருப்பது லிட்டருக்கு சுமார் 180 மைக்ரோமோல் இரும்பு, திறந்த கடலைவிடக் கிட்டத்தட்ட 9 லட்சம் மடங்கு. ஊற்று வாயின் நிலைமைக்கு இது பொருந்தும். நடுக்கடலில் துகள்கள் சேரும் வேகமே வேறு.

இரும்பைப் பிடித்து வைக்கும் ஈனிகள்

மூன்றாவது முகவையில் சிட்ரேட் செய்த வேலையைக் கடலில் செய்பவை கரிம ஈனிகள். கடல்நீரில் கரைந்த இரும்பில் 99 சதவீதத்துக்கும் மேல் இவற்றோடு பிணைந்தே இருக்கிறது என்பது 1990-களின் நடுவில் மின்வேதி அளவீடுகள் மூலம் தெரியவந்தது. ஈனிகள் ஒரே பொருள் கிடையாது. இரும்பைத் தேடிப் பிடிக்கவே பாக்டீரியாக்கள் சுரக்கும் சிடரோஃபோர்கள் மிக வலுவானவை. மக்கிய உயிர்ப்பொருளிலிருந்து வரும் ஹியூமிக் வகைகள் அவ்வளவு வலுவில்லை, ஆனால் அளவில் அதிகம்.

ஆகவே ஒரு கடல்நீர் எவ்வளவு இரும்பைத் தாங்கும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது: ஈனிகளின் செறிவு. அதற்கு மேல் எரிமலை எவ்வளவு கொடுத்தாலும் உபரி கூழ்மமாகி (நீரில் மிதக்கும் மிக நுண்ணிய துகளாகி), பெரிய துகள்களில் ஒட்டி, கீழே இறங்கிவிடும். இறங்கும்போது சும்மா போவதில்லை. புதிதாக உருவான இரும்பு ஹைட்ராக்சைடு பாஸ்பேட், வனேடியம், ஆர்சனிக் ஆகியவற்றையும் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொண்டு போகும். உரமாகும் என்று எதிர்பார்த்த இரும்பு, இன்னோர் உரத்தைப் பறித்துச் செல்வதும் நடக்கிறது.

சூரிய ஒளி எதிர்த் திசையில் வேலை செய்கிறது. ஈனியோடு பிணைந்த சில ஃபெரிக் அணைவுகளை ஒளி உடைத்து ஃபெரஸை விடுவிக்கும். அது மீண்டும் ஆக்சிஜனேற்றம் அடையும், மீண்டும் பிணையும். பகல் முழுவதும் ஓடும் இந்தச் சுழற்சியில்தான் பல மிதவையுயிரிகள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன.

தீவிலிருந்து கடலுக்கு

வழிகள் முக்கியமாக மூன்று. கடலடி ஊற்றுகளை முதலில் பார்ப்போம், வேதியியல் அங்கேதான் கடுமையாக நடக்கிறது.

2011 அக்டோபர் 10 அன்று கேனரி தீவுகளில் எல் இயெரோவின் தெற்குக் கரைக்கு அப்பால் கடலடி எரிமலை ஒன்று வெடித்தது. 2012 மார்ச் வரை நீடித்தது. கடலின் மேல் பச்சையும் பழுப்புமாகத் திட்டுகள் பரவின. எரிமலைக்கு நேர்மேலே எடுத்த நீரில் பி.எச் 2 அலகுக்கும் மேல் இறங்கியிருந்தது, ஆக்சிஜன் பெருமளவு தீர்ந்திருந்தது. ஃபெரஸ் நீடிக்க வேண்டிய இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர அமைந்ததால், சாதாரணமாகச் சில நிமிடங்களில் மறைய வேண்டிய ஃபெரஸ் அங்கே பெருஞ்செறிவில் நின்றது. மக்கள் வெளியேற்றப்பட்டு, மீன்பிடிப்பும் நிறுத்தப்பட்டது. இன்று தகோரோ என்று அழைக்கப்படும் அந்த எரிமலையின் உச்சி நீர்மட்டத்துக்கு 88 மீட்டர் கீழே இருக்கிறது.

ஹவாய்த் தீவுக்குத் தென்கிழக்கே, சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் உச்சி கொண்ட காமஎஹுவகனலோவா என்ற கடலடி எரிமலை வேறு காட்சி தரும். இதன் பழைய பெயர் லோஇஹி. கரியமில வாயுவும் ஃபெரஸும் மிகுந்த ஊற்றுகளைச் சுற்றி, ஃபெரஸை ஆக்சிஜனேற்றி அந்த ஆற்றலில் வாழும் பாக்டீரியாக்கள் காவி நிறப் பாய்களாகப் படர்ந்திருக்கின்றன. மாரிப்ரோஃபண்டஸ் ஃபெர்ரோஆக்சிடன்ஸ் என்ற இனம் உண்டாகும் துருவை முறுக்கிய நாடாவாக உடலிலிருந்து வெளியேற்றுகிறது, தானே துருவில் புதைந்து போகாமல் இருக்க. ஆக்சிஜன் அதிகமுள்ள இடத்தில் இவற்றால் பிழைக்க முடியாது. அங்கே வேதிவினை இவற்றை முந்திக்கொண்டுவிடும். அதனால் ஆக்சிஜன் குறைந்த எல்லைக்கோட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஊற்றின் ஆழம் முக்கியம். ஆழ்கடல் ஊற்று இரும்பு நூற்றுக்கணக்கான, ஏன் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பக்கவாட்டில் பயணிப்பது அளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒளி படும் மேல்நீருக்கு ஏறிவர நீண்ட காலம் ஆகும். தென் பசிபிக்கின் எரிமலைத் தொடரான டோங்கா வளைவில் ஊற்றுகள் சில நூறு மீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் இரும்பு நேராக ஒளிப் பகுதியை எட்டுகிறது. அங்கே டிரைக்கோடெஸ்மியம் போன்ற, கரைந்த நைட்ரஜன் வாயுவை உரமாக மாற்றும் நைட்ரஜன் நிலைநிறுத்தி நுண்ணுயிர்கள் செழிக்கின்றன. அந்த வேலைக்கான நொதி இரும்பை நிறையக் கேட்பது.

அடுத்தது சாம்பல். சாம்பலில் உள்ள இரும்பில் பெரும்பகுதி கண்ணாடியிலும் சிலிகேட் கனிமங்களிலும் சிக்கியிருப்பதால் கடலில் எளிதில் கரையாது. உடனே கரைவது மேற்பூச்சு மட்டும்: எரிமலைப் புகையில் இருக்கும்போதே கந்தக, குளோரின் அமிலங்கள் சாம்பல் துகளைத் தாக்கி உண்டாக்கிய உப்புகள். அவை நீரைத் தொட்ட சில நிமிடங்களில் கரைந்து இரும்பை விடுகின்றன; கூடவே தாமிரம் போன்ற நச்சு உலோகங்களையும் விடலாம். 2010-ல் ஐஸ்லாந்தின் எயாஃபியாட்லயோகுட் வெடித்தபோது சாம்பல் மேகத்துக்கு நேர்கீழே கரைந்த இரும்பு 10 நானோமோல் வரை போனதைக் கப்பலிலிருந்தே அளந்தார்கள். இருந்தும் செயற்கைக்கோள் படங்களில் மிதவையுயிரிப் பெருக்கம் சொற்பமே. 2008 ஆகஸ்டில் அலாஸ்காவின் கசடோச்சி எரிமலைச் சாம்பல் வட பசிபிக்கில் விழுந்தபோதோ, பெரும் பரப்பில் பெருக்கம் நிகழ்ந்தது. நைட்ரேட் மிச்சமிருந்து இரும்புக்காகக் காத்திருந்த நீர் அது.

மூன்றாவது வழி சத்தமில்லாதது, ஆனால் நிலையானது: கரையோர வண்டலும் பொடிந்த பாறையும். கரிமப் பொருள் மிகுந்த வண்டலில் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் தீர்ந்ததும் ஃபெரிக்கைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி ஃபெரஸாக ஒடுக்கும். எரிமலைப் பொடி மிகுந்த வண்டலிலோ பாறை நேரடியாகச் சிதைந்து நுண்கூழ்ம இரும்பை விடுகிறது. இரண்டையும் ஐசோடோப்புகளின் (எடை மட்டும் மாறுபட்ட இரும்பு அணு வகைகளின்) விகிதம் பிரித்துக்காட்டும்: ஒடுக்க வழியில் வந்தது இலேசான ஐசோடோப்பு மிகுந்தது, பாறைச் சிதைவில் வந்தது மேலோட்டுப் பாறையின் விகிதத்தை ஒட்டியது.

தென்பெருங்கடலின் குரோசே தீவுகள் இதற்கு இயற்கையே அமைத்த ஒப்பீட்டுச் சோதனை. தீவுகளைத் தாண்டி வரும் வடக்கு நீரில் ஆண்டுதோறும் மிதவையுயிரிகள் பெருகுகின்றன. தீவைத் தொடாத தெற்கு நீரில் அவ்வளவில்லை. அதே கடலின் கெர்கேலன் கடலடிப் பீடபூமியிலும் இப்படித்தான். 2005-ல் அங்கு நடந்த கெயோப்ஸ் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: கொடுத்த இரும்பின் அளவுக்கு ஆழத்துக்குப் போன கார்பனைக் கணக்கிட்டால், கப்பலிலிருந்து இரும்பு தூவிய சோதனைகளைவிடக் குறைந்தது பத்து மடங்கு அதிகம்.

ஏன் இந்த வித்தியாசம்? 1993-ல் கலாபகஸ் தீவுகளுக்குத் தெற்கே நடந்த முதல் சோதனையில் 64 சதுர கிலோமீட்டரில் சுமார் 450 கிலோ இரும்பைக் கரைத்தார்கள். ஃபெரஸ் சல்பேட்டைக் கப்பல் தொட்டியிலேயே துருவாகாமல் காக்க அமிலம் சேர்த்த கடல்நீரில் கலந்து விட்டார்கள். இரண்டாவது முகவையின் அதே உத்தி. கடலில் கலந்ததும் அமிலம் நீர்த்துப்போனது, ஈனிகள் தாங்கும் அளவை மீறிய இரும்பு விரைவில் பிரிந்தது. சில நாளில் அந்த நீர்த்திட்டே வேறு நீருக்கு அடியில் அமிழ்ந்தும்விட்டது. 1995-ல் அதே அளவு இரும்பை ஒரு வாரத்தில் மூன்று தவணையாகப் பிரித்துக் கொடுத்தபோது பலன் மிகத் தெளிவாகத் தெரிந்தது. தீவு செய்வதும் அதுவே, தவணை நிற்காமல்.

எல்லாத் தீவுப் பெருக்கத்தையும் இரும்பின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 2018-ல் ஹவாயின் கீலவேயா எரிமலைக் குழம்பு கடலில் இறங்கியபோது நீர் பச்சையானது. அந்தப் பகுதியில் குறைவாக இருப்பது நைட்ரேட். குழம்பில் நைட்ரேட் இல்லை. சரிவில் ஆழத்துக்கு இறங்கிய குழம்பு அடிநீரைச் சூடாக்கி மேலே எழுப்ப, அந்த ஆழ்நீர்தான் நைட்ரேட்டைக் கொண்டுவந்தது.

அளப்பது

இரும்புக் கப்பலில் நின்று நானோமோல் இரும்பை அளப்பதில் பாதி வேலை கறைபடாமல் காப்பதுதான். சாதாரண எஃகு வடத்துக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு, டைட்டானியச் சட்டம், உட்புறம் உலோகமே இல்லாத மாதிரிக் குடுவைகள், வடிகட்டிய காற்று ஓடும் அறை, நாள்கணக்கில் அமிலத்தில் ஊறிய பாலித்தீன் புட்டிகள் வேண்டும். 1980-களுக்கு முன் வெளியான கடல் இரும்பு அளவுகளில் பெரும்பாலானவை மாசுபட்டவை என்று ஒதுக்கப்பட்டதற்கு இந்த ஏற்பாடுகள் இல்லாததே காரணம்.

"கரைந்த இரும்பு" என்று ஓர் ஆய்வு சொன்னால் வடிகட்டியின் துளை அளவைப் பார்க்க வேண்டும். வழக்கம் 0.2 மைக்ரோமீட்டர். அதைக் கடந்ததில் கூழ்மத் துருவும் சேர்ந்திருக்கும், 0.02 மைக்ரோமீட்டரையும் கடந்தால்தான் உண்மையில் கரைந்தது என்று ஓரளவு சொல்லலாம். ஊற்றுக்கு அருகே இந்த இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வரும். மொத்தக் கரைந்த இரும்பை அளக்க, வடித்த நீரைத் தூய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச் 1.8-க்குக் கீழே கொண்டுவந்து, ஈனிகள் பிடியை விடும்வரை நெடுநாள் வைத்திருப்பார்கள்.

ஃபெரஸுக்கு அந்த வழி உதவாது. அமிலம் ஆக்சிஜனேற்றத்தை நிறுத்தினாலும், கூழ்மத் துருவைக் கரைத்து, ஃபெரிக்கில் ஒரு பகுதி ஒடுங்கவும் இடம் கொடுத்துக் கணக்கைக் கூட்டிக்காட்டும். ஊற்று அருகே மைக்ரோமோல் அளவில் இருந்தால் ஃபெரோசின் கரைசல் போதும். ஃபெரஸோடு அது ஊதா நிறம் தரும், 562 நானோமீட்டரில் அளக்கலாம். நிறம் வந்ததும் படித்துவிட வேண்டும். வெளிச்சத்தில் விட்டால் ஃபெரிக்கும் மெல்ல ஒடுங்கி நிறத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நானோமோலுக்குக் கீழே லூமினோல் ஒளிர்வு முறை; மாதிரி மேலே வந்த சில நிமிடங்களுக்குள் கருவிக்குள் போயாக வேண்டும். நீரின் வெப்பநிலை, பி.எச், மாதிரி எடுத்த நேரம், அளந்த நேரம் நான்கையும் குறித்து வைத்திருந்தால், இடையில் ஆக்சிஜனேற்றத்தில் போனதைத் திரும்பக் கணக்கிட்டுச் சேர்க்கலாம். குளிர்க் கடலின் மாதிரியை வெதுவெதுப்பான ஆய்வறைக்குள் கொண்டுவந்து ஆற அமர அளப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: கடலில் ஒரு மணி நேரம் தாங்கியிருக்கும் ஃபெரஸ் புட்டி சூடேறுவதற்குள் தீர்ந்துவிடும்.